தங்கிவிட்டவர்களின் கணக்கு

(நாகப்பட்டினத்தில் வாசகர் கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



நாகப்பட்டினத்தில் வந்து நின்று புயலைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை. 1977 நவம்பர் புயலில் சுவரோடு ஒண்டிக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்த பெரியவர்கள் இந்த அரங்கில் இருக்கிறீர்கள். 2018 கஜா புயலைப் பார்க்காதவர் இங்கே யாருமில்லை. காற்று எப்படிக் கத்தும் என்று நான் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. அதனால் உலகத்தின் மறுபக்கம் போகிறேன். மெக்சிகோ வளைகுடா, கரீபியன் கடல், அமெரிக்காவின் தென்கரை. அங்கே இதே புயலை ஹரிக்கேன் என்கிறார்கள். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை அவர்களுடைய புயல் பருவம்.

ஏன் அவ்வளவு தூரம்? செயற்கைக்கோள், புயலை ஆராயும் விமானம், நாலு வழிச் சாலை, வாசலுக்கு வாசல் கார், இவ்வளவும் உள்ள நாடு அமெரிக்கா. அங்கேயும் ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் ஒரே கேள்விதான் எழுகிறது: "அவ்வளவு சொன்னோமே, ஏன் போகவில்லை?" தங்கிவிட்டவர்களுக்குப் பிடிவாதக்காரர்கள், விவரம் கெட்டவர்கள், திமிர் பிடித்தவர்கள் என்று பட்டம் கொடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். என் கட்சி வேறு. தங்கியவர்கள் ஒவ்வொருவரும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் தங்கினார்கள். பலருடைய கணக்கு தப்பிப் போனது உண்மை. ஆனால் அந்தக் கணக்கில் என்னென்ன இருந்தது என்று பார்க்காத அரசு, புயலை எவ்வளவு துல்லியமாகச் சொன்னாலும் பாதி வேலையைத்தான் செய்திருக்கிறது. இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதி எல்லாம் அதற்கான சாட்சியங்கள்.

முதலில் அவர்கள் எப்படித் தயாராகிறார்கள் என்று பார்ப்போம். புயல் மூன்று நாள் தொலைவில் இருக்கும்போதே புளோரிடாவின் கடைகளில் பிளைவுட் பலகை தீர்ந்துவிடும். சன்னலுக்குச் சன்னல் அளவெடுத்து அறுத்து, பலகையின் முதுகில் 'சமையலறை', 'மேற்குப் படுக்கையறை' என்று எழுதிக் காரேஜில் அடுக்கி வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. ஒரே பலகை பல புயல்களுக்கு உழைக்கும். குளியல் தொட்டியைக் கழுவி நீர் நிரப்புவார்கள். அது குடிக்க இல்லை, கழிவறைக்கு. காலிப் பாட்டில்களில் நீர் நிரப்பி ஃப்ரீசரில் வைப்பார்கள். மின்சாரம் போனால் இரண்டு நாள் குளிர் நிற்கும், உருகினால் குடிக்கலாம். வீட்டுப் பத்திரம், காப்பீட்டுக் காகிதம், மருந்துச் சீட்டு எல்லாம் ஜிப் வைத்த பிளாஸ்டிக் பைக்குள் போகும். பெட்ரோல் பங்க்கில் வரிசை தெருவைத் தாண்டும்.

வேறொரு தயாரிப்பும் உண்டு. போக மறுப்பவர்களிடம் காவலர்களும் ஊர் அதிகாரிகளும் ஒரு மார்க்கர் பேனாவைக் கொடுத்து, "சரி, இருங்கள். உங்கள் அடையாள எண்ணைக் கையில் எழுதிக்கொள்ளுங்கள்" என்று சொன்ன புயல்கள் இருக்கின்றன. பிணத்தை அடையாளம் காண வசதியாக இருக்கும் என்பதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பலர் அப்போதுதான் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்புவார்களாம்.

இந்தத் தயாரிப்பில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பலகை, ஆணி, கயிறு எல்லாமே காற்றுக்கு எதிரானவை. ஆனால் கொல்வது எது? அமெரிக்காவில் 1963 முதல் 2012 வரை ஹரிக்கேன்களில் நேரடியாக இறந்தவர்களை ஆராய்ந்து பார்த்ததில், பத்தில் ஒன்பது பேர் தண்ணீரில் போயிருக்கிறார்கள். அவர்களிலும் பெரும்பகுதியினரை, மொத்தத்தில் ஏறக்குறைய பாதிப் பேரை, கடலே கரையேறி வந்து கொண்டுபோயிருக்கிறது. அந்தத் தண்ணீரைப் பலகை அடித்த சன்னல் தடுக்காது.

கடல் எப்படி ஏறுகிறது? சுழல்காற்று மணிக்கணக்காக ஒரே திசையில் நீரைக் கரைக்குத் தள்ளுகிறது. ஆழமான கடலாக இருந்தால் தள்ளிய நீர் அடியால் திரும்பிப் போய்விடும். ஆழமில்லாத கடலில் அதற்குப் போக்கிடம் இல்லை, கரையில் குவிகிறது. மெக்சிகோ வளைகுடாவின் வடகரை அப்படி ஆழமற்றது. இங்கே கோடியக்கரைக்குத் தெற்கே பாக் நீரிணையும் அப்படித்தான் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு கன மீட்டர் கடல்நீர் ஒரு டன்னுக்கு மேல் எடை. வேகமாக ஓடுகிற நீர் அரை அடி இருந்தால் ஆள் நிற்பது கடினம். இரண்டடி இருந்தால் பெரும்பாலான வண்டிகளைத் தூக்கிக்கொண்டு போய்விடும். அங்கே கடலோர மக்களுக்குப் பேரிடர்த் துறையினர் திரும்பத் திரும்பச் சொல்லும் பாடம் இதுதான்: காற்றுக்குப் பயந்தால் உறுதியான வீட்டுக்குள் ஒளிந்துகொள், தண்ணீருக்குப் பயந்தால் ஓடு. இரண்டும் வேறு வேறு ஆபத்து. இரண்டுக்கும் வேறு வேறு விடை.

இந்தப் பாடத்தை அவர்கள் படித்த பள்ளிக்கூடம் கால்வெஸ்டன்.

டெக்சாஸ் கரையோரம் ஒரு நீண்ட மணல் தீவு. அதன்மேல் கால்வெஸ்டன் நகரம். 1900இல் ஏறக்குறைய 37,000 பேர், பருத்தி ஏற்றுமதியில் கொழித்த துறைமுகம், பணக்காரத் தெருக்கள். நகரத்தின் மிக உயரமான இடமே கடல் மட்டத்துக்கு மேல் ஒன்பது அடியைத் தொடாது. அதே கரையில் மேற்கே இருந்த இண்டியனோலா என்ற துறைமுக ஊரை 1875இலும் 1886இலும் இரண்டு புயல்கள் அடித்து, ஊரே இல்லாமல் செய்திருந்தன. கால்வெஸ்டன்காரர்கள் அதைப் பார்த்துத் தடுப்புச் சுவர் கட்டலாம் என்று பேசினார்கள். பேச்சு பேச்சாகவே போயிற்று. உள்ளூர் வானிலை அலுவலகத்தின் தலைவர் ஐசக் கிளைன், 1891இல் பத்திரிகையில் எழுதிய கட்டுரையில், புயல் இந்த நகரத்தைப் பெரிதாகச் சேதப்படுத்தும் என்று நினைப்பதே பிரமை என்ற பொருள்பட எழுதியிருந்தார். படித்தவர், பொறுப்பானவர். ஊர் அவரை நம்பியது.

1900 செப்டம்பர் தொடக்கத்தில் அந்தப் புயல் கியூபாவைக் கடந்தது. அது டெக்சாஸை நோக்கிப் போகும் என்று ஹவானாவின் பெலென் ஆய்வகத்தில் இருந்த பாதிரியார் கங்கோய்த்தி கணித்தார். கியூபாவின் வானிலையாளர்கள் தலைமுறையாகப் புயலோடு பழகியவர்கள். ஆனால் அப்போது கியூபா அமெரிக்கப் படையின் பிடியில் இருந்தது. கியூபாக்காரர்கள் வீணாகப் பீதி கிளப்புகிறார்கள் என்று சொல்லி, அவர்களுடைய புயல் தந்திகளை அமெரிக்க வானிலைத் துறை தடுத்து வைத்திருந்தது. புயல் வடக்கே திரும்பி அட்லாண்டிக் கரைக்குப் போய்விடும் என்பது வாஷிங்டனின் முடிவு. தெரிந்தவன் சொன்னது தெரிய வேண்டியவன் காதுக்குப் போகவில்லை.

செப்டம்பர் 8, சனிக்கிழமை. காலையில் காற்று வடக்கிலிருந்து, அதாவது கரையிலிருந்து கடலை நோக்கி அடித்தது. அந்தக் காற்றுக்கு நீர் பின்வாங்கியிருக்க வேண்டும். மாறாக, காற்றை எதிர்த்துக்கொண்டு கடல் ஏறி வந்தது. கிளைன் அதைக் கவனித்துக் கலங்கினார். ஊர் கலங்கவில்லை. பெரிய அலை பார்க்கக் கூட்டம் கூட்டமாகக் கடற்கரைக்குப் போனார்கள். தெருவில் தேங்கிய நீரில் பிள்ளைகள் விளையாடினார்கள். பிற்பகலுக்குள் தீவைக் கரையோடு இணைத்த பாலங்கள் துண்டிக்கப்பட்டன. அதன் பிறகு போகவேண்டும் என்று நினைத்தவருக்கும் வழியில்லை.

இப்போது வீடுகளுக்குள் போவோம். மரத்தால் கட்டிய வீடுகள், கட்டைக்கால்களின்மேல் நின்றவை. நீர் தரைமட்டத்துக்கு வந்ததும் பல வீடுகளில் கோடாலியை எடுத்துத் தங்கள் சொந்த வீட்டின் தரைப்பலகையைத் தாங்களே பிளந்தார்கள். புயலில் வீட்டுக்குள் தண்ணீரை வரவேற்பதா? அதற்குக் காரணம் இருந்தது. உள்ளே காற்றும் வெளியே நீருமாக இருந்தால் மரவீடு மிதந்துவிடும், மிதந்தால் உடையும். உள்ளே நீர் ஏறினால் அந்த எடையில் அஸ்திவாரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பளபளவென்று மெழுகு பூசிய தரையைப் பெண்கள் கோடாலியால் கொத்தினார்கள். சேற்று நீர் குமிழியிட்டு மேலே வந்தது. எல்லோரும் மாடிக்கு ஏறினார்கள். அப்படிச் செய்த வீடுகளில் சில நின்றன.

ஐசக் கிளைனின் வீடு உறுதியானது என்று பெயர் பெற்றது. அக்கம்பக்கத்தார் ஐம்பது பேர் அளவில் அங்கே வந்து சேர்ந்தார்கள். கடற்கரையோரம் மரக்கால்களின்மேல் ஓடிய டிராம் பாதை அப்படியே பெயர்ந்து, தண்டவாளத்தோடு மிதந்து வந்து அந்த வீட்டை இடித்தது. வீடு சாய்ந்தது. உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் இறந்தார்கள். கிளைனின் கர்ப்பிணி மனைவியும் அவர்களில் ஒருவர்.

கடலை ஒட்டி ஓர் அனாதை இல்லம் இருந்தது. கன்னியர் பத்துப் பேர், பிள்ளைகள் தொண்ணூற்று மூன்று பேர். நீர் ஏற ஏற, கன்னியர்கள் துணி காயப்போடும் கயிற்றை எடுத்துப் பிள்ளைகளைத் தங்கள் இடுப்போடு கட்டினார்கள். பிரிந்துவிடக் கூடாது என்ற கணக்கு அது. மூன்று பையன்கள் மட்டும் ஒரு மரத்தைப் பிடித்துப் பிழைத்தார்கள்.

அந்த ஓர் இரவில் இறந்தவர்கள் குறைந்தது 6,000 பேர். பொதுவாகச் சொல்லப்படும் எண் 8,000. அமெரிக்க வரலாற்றில் இன்றுவரை அதிக உயிரைக் கொண்டுபோன இயற்கைச் சீற்றம் அதுதான்.

அதற்குப் பிறகு கால்வெஸ்டன் செய்ததையும் சொல்லியாக வேண்டும். 1902இல் தொடங்கி 17 அடி உயரத்துக்குக் கான்கிரீட் சுவர் கட்டினார்கள். அதோடு நிற்காமல் ஊரையே உயர்த்தினார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்களைத் திருகு ஜாக்கிகளின்மேல் ஏற்றி, கீழே கடல் மணலை நீரில் கலக்கிக் குழாய் வழியே ஊற்றி நிரப்பினார்கள். 3,000 டன் எடையுள்ள செயிண்ட் பேட்ரிக் தேவாலயத்தை 700 ஜாக்கிகள் வைத்து ஐந்தடி தூக்கினார்கள். ஆண்டுக்கணக்கில் மக்கள் பலகைப் பாதைகளில் நடந்து வேலைக்குப் போனார்கள். 1915இல் அதே அளவு கடுமையான புயல் வந்தபோது சுவருக்குள் இருந்த நகரத்தில் இறந்தவர்கள் சொற்பம். ஆனால் ஒரு விவரம் உண்டு. மண் நிரப்புவது அரசுச் செலவு. வீட்டைத் தூக்குவது வீட்டுக்காரர் செலவு. கையில் இருந்தவர் வீட்டைத் தூக்கினார். இல்லாதவர் கீழ்த்தளத்தைப் புதைத்துவிட்டு மாடியில் வாழ்ந்தார். புயலுக்கு முன்னால் எல்லோரும் சமம் என்பது சும்மா சொல்கிற பேச்சு.

இனி, கணக்கு எப்படித் தப்புகிறது என்று பார்ப்போம். கணக்கைக் கெடுப்பதில் முதல் ஆள், நம் ஞாபகம்.

1969 ஆகஸ்டில் கமில் என்ற புயல் மிசிசிப்பி கரையைத் தாக்கியது. ஐந்தாம் வகை, ஹரிக்கேன்களை வகைப்படுத்தும் அளவுகோலில் அதற்கு மேல் வகையே இல்லை. பாஸ் கிறிஸ்டியன் என்ற ஊரில் கடல் 24 அடி ஏறியது. அந்த ஊரின் கடற்கரை அடுக்குமாடி ஒன்றில் இளைஞர்கள் குடித்துக் கும்மாளமிட்டுப் புயலுக்கு விருந்து வைத்தார்கள், ஒருவர் தவிர எல்லோரும் செத்தார்கள் என்று ஒரு கதை நாடெங்கும் பரவியது. பாடப்புத்தகக் கதை போல ஆகிவிட்டது. பிறகு விசாரித்துப் பார்த்தால், விருந்தே நடக்கவில்லை; பிழைத்தவரும் ஒருவர் மட்டும் அல்ல. ஆனாலும் கதை சாகவில்லை. ஏன்? செத்தவன் குடிகாரன் என்று தெரிந்தால் நமக்கு நிம்மதி. நாம் குடிக்கவில்லை, நாம் சாக மாட்டோம்.

36 ஆண்டு கழித்து, 2005 ஆகஸ்ட் 29. கத்ரீனா. கரையைத் தொடும்போது அது மூன்றாம் வகைக்கு இறங்கியிருந்தது. "கமிலையே பார்த்த வீடு இது, மூன்றாம் வகை என்ன செய்யும்?" என்று மிசிசிப்பி கரையில் பலர் தங்கினார்கள். கமிலுக்கு நனையாத வீடு என்பதைவிட நல்ல சான்று என்ன வேண்டும்? ஆனால் அந்த வகை எண் சொல்வது காற்றின் வேகத்தை மட்டும். கத்ரீனா பரப்பில் மிகப் பெரியது; அகலமாகத் தள்ளிக்கொண்டு வந்த நீர் அதே பாஸ் கிறிஸ்டியனில் 27 அடிக்கு மேல் ஏறியது. கமிலைத் தாண்டி நின்ற வீடுகள் கத்ரீனாவில் போயின. கமில் 1969இல் கொன்றதைவிட 2005இல்தான் அதிகம் பேரைக் கொன்றது என்று அந்தக் கரையில் இன்றும் சொல்கிறார்கள். பிறகுதான் திருத்தங்கள் வந்தன. கடல் ஏறும் உயரத்தை வகை எண்ணோடு சேர்த்துச் சொல்லும் வழக்கத்தை 2010இல் நீக்கினார்கள். 2017 முதல் கடல் ஏறுவதற்கென்றே தனி எச்சரிக்கை வருகிறது.

அதே கத்ரீனாவில் லூசியானா மாநிலத்தின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் கதை வேறு. அது ஏறக்குறைய பாதி கடல் மட்டத்துக்குக் கீழே, கரைகளை நம்பி இருக்கும் ஊர். கட்டாயமாக வெளியேறும்படி மேயர் உத்தரவிட்டது ஆகஸ்ட் 28 காலையில். புயல் வந்தது மறுநாள் விடியலில். நடுவில் ஒரு பகல், ஓர் இரவு. நகரத்தில் ஏறக்குறைய எண்பது சதவீதம் பேர் வெளியேறினார்கள், இது சாதனைதான். மீதி இருபதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நகரத்தில் கார் இல்லாதவர்கள் ஒரு லட்சம் பேர் அளவில். மாதக் கடைசி, உதவித்தொகையும் ஓய்வூதியமும் ஒன்றாம் தேதிதான் வரும். பெட்ரோலுக்கும் லாட்ஜ் வாடகைக்கும் கையில் காசில்லை. படுத்த படுக்கையாகத் தாய். நாயை அழைத்துவர முகாமில் அனுமதி இல்லை. வேலைக்கு வரவில்லை என்றால் சீட்டுக் கிழியும். இவற்றில் எது அறியாமை? எது திமிர்? லூசியானாவில் இறந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் 75 வயதைத் தாண்டியவர்கள். அவர்களை யாராவது கையைப் பிடித்து வண்டியில் ஏற்றியிருக்க வேண்டும். ஏற்றியிருக்கக்கூடிய பேருந்துகள் நிறுத்துமிடத்திலேயே வரிசை வரிசையாக மூழ்கி நின்ற புகைப்படத்தை உலகமே பார்த்தது.

கரைகள் ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் உடைந்தன. நகரத்தில் எண்பது சதவீதம் நீரில் நின்றது. வீட்டுக்குள் நீர் ஏற ஏற மக்கள் பரணுக்கு ஏறினார்கள். பரணுக்கு மேல் கூரை. கூரைக்குச் சன்னல் கிடையாது. 1965இல் பெட்சி என்ற புயலில் இப்படித்தான் பரணில் சிக்கிச் செத்தவர்களைப் பார்த்த பெரியவர்கள், அன்று முதல் பரணில் ஒரு கோடாலி வைத்திருந்தார்கள். அது இருந்த வீட்டில் உள்ளிருந்தே ஓடு பலகையைப் பிளந்து கூரைக்கு வந்து கையசைத்தார்கள். கால்வெஸ்டனில் தரையைப் பிளந்த கருவி, நியூ ஆர்லியன்ஸில் கூரையைப் பிளந்தது. நூறு ஆண்டு வளர்ச்சிக்குப் பிறகும் ஏழையின் கையில் இருந்த பேரிடர் மேலாண்மை ஒரு கோடாலிதான்.

"அப்படியானால் எல்லோரையும் அடித்துத் துரத்த வேண்டியதுதானே?" என்று கேட்பீர்கள். அதையும் செய்து பார்த்தார்கள். கத்ரீனா முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, ரீட்டா என்ற புயல் டெக்சாஸை நோக்கி வந்தது. பயந்துபோயிருந்த ஹூஸ்டன் பகுதி மக்கள் இருபது லட்சத்துக்கும் மேல் ஒரே நேரத்தில் கிளம்பினார்கள். நூறு மைல் நீளத்துக்கு வண்டிகள் நின்றன. கொளுத்தும் வெயில், பெட்ரோல் மிச்சம் பிடிக்க ஏசியை அணைத்தார்கள். முதியோர் இல்லத்தவர்களை ஏற்றிச் சென்ற பேருந்து ஒன்று டல்லாஸ் அருகே தீப்பிடித்ததில் 23 பேர் இறந்தார்கள். டெக்சாஸில் ரீட்டா கொன்றவர்களில் பெரும்பாலோர் புயலால் சாகவில்லை. வெளியேறும் வழியில் செத்தார்கள். போகத் தேவையில்லாத மேட்டுப் பகுதிக்காரர்கள் சாலையை அடைத்ததில், போயே தீர வேண்டிய கடலோரத்தார் பின்னால் மாட்டிக்கொண்டார்கள். 2017இல் ஹார்வி புயல் வந்தபோது வெளியேறச் சொல்ல வேண்டாம் என்று ஹூஸ்டன் மேயர் முடிவெடுத்ததற்கு ரீட்டாவின் நினைவும் ஒரு காரணம்.

இன்னொரு சிக்கல், புயல் சொன்ன நேரத்துக்கு வராமல் போவது. 1928 செப்டம்பரில் புளோரிடாவின் ஓக்கிசோபி ஏரிக்கரை மக்களை மேட்டுக்குப் போகச் சொன்னார்கள். போனார்கள். புயல் சொன்ன நேரத்தில் வரவில்லை. 'வீண் அலைச்சல்' என்று பலர் வீடு திரும்பினார்கள். இரவில் ஏரிக்கரை உடைந்தது. குறைந்தது 2,500 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் வயலில் கூலி வேலைக்கு வந்திருந்த கறுப்பின மக்கள். பிணத்துக்குப் பெட்டி கொடுப்பதில்கூட வெள்ளையருக்கு முதலிடம். கறுப்பினத்தவர் நூற்றுக்கணக்கில் ஒரே குழிக்குள் போனார்கள். அடையாளமில்லாமல் கிடந்த அந்தக் குழியை ஊர் நினைவுகூரப் பல பத்தாண்டுகள் ஆயின.

'விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம்' என்பதும் ஒரு கணக்கு. 2008இல் ஐக் புயல். இரண்டாம் வகைதான். கால்வெஸ்டனை ஒட்டிய பொலிவர் தீபகற்பத்துக்கு ஒரே சாலை. புயல் கரையைத் தொட்டது சனிக்கிழமை அதிகாலை. ஆனால் வெள்ளிக்கிழமை காலையிலேயே கடல் ஏறி அந்தச் சாலையை மூடிவிட்டது. வெள்ளி காலை கிளம்பலாம் என்றிருந்தவர்கள் அங்கேயே சிக்கினார்கள். ஒருவர் தாம் வளர்த்த சிங்கத்தோடு வெளியேற முடியாமல் திரும்பி, ஊர்த் தேவாலயத்தில் மற்றவர்களோடு அதையும் அடைத்து இரவைக் கழித்தார். சிங்கமும் பிழைத்தது, மனிதர்களும் பிழைத்தார்கள். அடுத்த ஊரான கில்கிறிஸ்டில் கடலோரம் ஒரே ஒரு வீடு மட்டும் நின்றது.

காற்று நின்ற பிறகும் கணக்கு முடிவதில்லை. மின்சாரம் போனதும் ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ காரேஜிலோ ஓட்டி, மணமில்லாத நச்சு வாயுவில் தூக்கத்திலேயே போனவர்கள் உண்டு. 2020 லாரா புயலுக்குப் பிறகு லூசியானாவில் பலர் இப்படி இறந்தார்கள். 2017 செப்டம்பரில் மரியா புயல் போர்ட்டோ ரிக்கோவை அடித்தது. முதலில் இறந்தவர்கள் 64 பேர் என்றது அரசு. டயாலிசிஸ் நின்றவர்கள், ஆக்சிஜன் கருவி ஓடாதவர்கள், இன்சுலின் கெட்டுப்போனவர்கள், இவர்களை யார் கணக்கில் எடுத்தார்கள்? ஆய்வுக்குப் பிறகு 2018இல் அந்த எண்ணை 2,975 என்று திருத்தினார்கள். தீவு முழுதும் மின்சாரம் வர ஏறக்குறைய ஓர் ஆண்டு ஆயிற்று. கஜாவுக்குப் பிறகு வாரக்கணக்கில் இருட்டில் இருந்த வேதாரண்யம் பக்கத்து ஊர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சரி, கணக்கைச் சரியாகப் போட வழியே இல்லையா? இருக்கிறது. நான் காட்டப் போவது ஒரு பணக்கார நாட்டை இல்லை. 1900இல் தந்தி தடுக்கப்பட்ட அதே கியூபாவை.

1963இல் ஃபுளோரா என்ற புயல் கியூபாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அதற்குப் பிறகு அவர்கள் ஓர் ஏற்பாட்டைக் கட்டினார்கள். ஆண்டுதோறும் புயல் பருவத்துக்கு முன்னால் நாடு முழுக்க ஒத்திகை. தெருவுக்குத் தெரு ஒரு குழு. அந்தத் தெருவின் குடும்ப மருத்துவரிடம் யார் படுக்கையில், யார் கர்ப்பிணி, யாருக்கு என்ன மருந்து என்ற பட்டியல். வெளியேறுகிறவர்களில் பெரும்பாலோர் அரசு முகாமுக்குப் போவதில்லை. உறுதியான வீடுள்ள உறவினர், அயலார் வீட்டுக்குப் போகிறார்கள். யார் யார் வீட்டுக்குப் போவது என்பது முன்பே பேசி வைத்தது. மின்கம்பி அறுந்து ஆள் சாகக் கூடாது என்று காற்று வலுக்கும் முன்பே மின்சாரத்தை நிறுத்துகிறார்கள். இன்னொன்று கேளுங்கள்: லாரி வந்து வீட்டிலிருக்கும் ஃப்ரிட்ஜ், டிவி எல்லாவற்றையும் ஏற்றிப் பாதுகாப்பான இடத்தில் இறக்குகிறது. ஆடு மாடுகளையும் மேட்டுக்கு ஓட்டுகிறார்கள்.

ஃப்ரிட்ஜுக்கு லாரியா என்று சிரிக்காதீர்கள். பத்து வருடம் சேர்த்து ஒரு ஃப்ரிட்ஜ் வாங்கியவன் அதை விட்டுவிட்டு வர மாட்டான். அவன் போட்ட கணக்கில் அந்த ஃப்ரிட்ஜ் ஒரு பெரிய தொகை. கியூபா அந்தத் தொகையை அவன் தலையிலிருந்து இறக்கி வைத்தது. 2001இல் மிஷெல் என்ற கடும் புயல் அடித்தபோது ஏழு லட்சம் பேரை நகர்த்தினார்கள். இறந்தவர்கள் ஐந்து பேர். அங்கே அரசு சொன்னால் மறுத்துப் பேச முடியாது என்பதும் ஒரு காரணம்தான்; அதை மறைக்க வேண்டாம். இடிந்த வீடுகளைத் திரும்பக் கட்டப் பணமில்லாமல் அந்த நாடு திண்டாடுவதும் உண்மை. ஆனால் அதிகாரம் மட்டும் இருந்தால் ஆளைத் துரத்தலாம், அவ்வளவுதான். நாயும் பாட்டியும் ஃப்ரிட்ஜும் என்ன ஆகும் என்பதற்கு விடை சொன்னால்தான் ஆள் தானாக வருவான். அமெரிக்காவும் இதில் ஒரு பாடத்தைப் படித்தது: 2006இல், வெளியேற்றும் திட்டத்தில் வளர்ப்பு விலங்குகளுக்கும் இடம் இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள்.

நம் வங்காள விரிகுடாவிலும் சாட்சி இருக்கிறது. 1999 ஒடிசா புயலில் ஏறக்குறைய 10,000 பேர் இறந்தார்கள். 2013இல் அதே கரைக்கு பைலின் புயல் வந்தபோது பத்து லட்சம் பேர் அளவில் முன்கூட்டியே நகர்ந்தார்கள்; இறந்தவர்கள் ஐம்பதுக்குள். நடுவில் கட்டியவை புயல் பாதுகாப்பு மையங்கள் மட்டும் அல்ல. ஊர் இளைஞர்களுக்குப் பயிற்சி, மையத்துக்குப் போக நல்ல சாலை, சாவி யாரிடம் என்ற தெளிவு, இவையும் சேர்ந்துதான்.

ஆகவே என் வேண்டுகோள் சின்னது. ஐப்பசி கார்த்திகையில் வரும் எச்சரிக்கைக்கு ஆடி ஆவணியிலேயே வேலை தொடங்கட்டும். தெருவுக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். யார் வீட்டில் நடக்க முடியாதவர் இருக்கிறார், அவரைத் தூக்க வருகிற இரண்டு பேர் யார்? வேன் வைத்திருப்பவர் யார், டீசலுக்கு யார் காசு? படகையும் எஞ்சினையும் எங்கே ஏற்றி வைப்பது, வலைக்குக் காவல் யார்? ஆட்டை எங்கே கட்டுவது? முகாமில் பெண்களுக்குக் கழிவறை இருக்கிறதா, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா? அது இல்லாததால் போகாத பெண்கள் எத்தனை பேர்? சர்க்கரை மருந்து யாருக்கு வேண்டும்? ரேஷன் கார்டும் பட்டாவும் நகலெடுத்து எங்கே இருக்கும்? கடைசியாக, கடந்த முறை வீண் எச்சரிக்கை என்று திரும்பி வந்தவர்களிடம் போய், 'அடுத்த முறையும் வாருங்கள், பத்து முறை வீணானாலும் பரவாயில்லை' என்று சொல்வது யார் பொறுப்பு?

இதை எழுத வேண்டியது அரசு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எழுதும்படி கேட்டு மனுக் கொடுங்கள். ஆனால் அதுவரை காத்திருக்க வேண்டாம். மீனவர் பஞ்சாயத்தும் மகளிர் குழுவும் சேர்ந்தால் இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் முடிகிற வேலை.

இப்போது கேள்வி நேரம் என்று கூட்டத் தலைவர் சைகை காட்டுகிறார். கஜா இரவில் முகாமுக்குப் போகாமல் வீட்டிலேயே தங்கியவர்கள் இங்கே இருந்தால், முதலில் அவர்கள் பேசட்டும். அவர்கள் போட்ட கணக்கைச் சொல்லட்டும். நான் குறித்துக்கொள்கிறேன்.